விடுதியும் வினாக்கொத்தும்

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவைத்த வீடுகளிலே ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. படிக்கப் போன பிள்ளைக்குச் சங்கம் எதற்கு, சபை எதற்கு, பிறர் வேலையைத் தலைமேற் போட்டுக்கொள்வது எதற்கு என்பதே அக்கேள்வி. எங்கள் வீட்டில் அதனை எழுப்பியவர் என் அம்மம்மா. விடுமுறை முடிந்து கரவெட்டியிலிருந்து நான் புறப்படும் ஒவ்வொரு முறையும், எள்ளுருண்டையையும் பனங்கட்டிக் குட்டானையும் பைக்குள் அடுக்கியபடியே, “பிள்ளை, நீ அங்கை படிக்கப் போனனியோ, ஊர்ச்சோலி பார்க்கப் போனனியோ?” என்று கேட்பார். அவருக்கு நான் சொன்ன விடைகள் பல. அவற்றுள் ஒன்றேனும் அவரைத் திருப்தி செய்ததில்லை. திருப்தி செய்யத்தக்க விடை என்னிடமும் அக்காலத்தில் இருக்கவில்லை.

கேள்வி புதியதன்று. 1942ஆம் ஆண்டிலே கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிலே பேராதனைக்குப் பெயர்ந்தபொழுது, அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை மாணவர் தங்கிப் பயிலும் கழகமாகவே அமைத்தார். விரிவுரை மண்டபத்திலே பெறுவது ஒரு கல்வி. விடுதியிலே பலரோடு கூடி வாழ்ந்து பெறுவது மற்றொரு கல்வி. அறுபதுகளிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபொழுது, 1962இல் ‘கர்ணன் போர்’ நாடகத்திலும் 1964இல் ‘இராவணேசன்’ நாடகத்திலும் ஆடியவர்கள் மாணவர்களே. விரிவுரையையும் கேட்டு, தாளக்கட்டையும் பயின்று, பரீட்சைக்கும் தோற்றிய அவர்களுடைய வீடுகளிலும் யாரேனும் ஓர் அம்மம்மா இருந்தேயிருப்பார்.

நான் பேராதனையில் உளவியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றேன். எங்கள் ஆசிரியர்களுடைய ஆசிரியர்கள் அதனை ‘உளநூல்’ என்றே வழங்கினர். அச்சொல்லில் ஓர் அடக்கம் உண்டு என்பது என் எண்ணம். நான்காம் ஆண்டிலே, அதாவது 2018இலே, மூன்று பொறுப்புகள் ஒருங்கே என்னை வந்தடைந்தன. பட்டத்துக்குரிய ஆய்வுக் கட்டுரையை எழுதுதல் முதலாவது. விடுதி மாணவியர் மன்றத்தின் செயலாளர் பதவி இரண்டாவது. ஹந்தானை மலைச்சரிவில் லயங்களிலே வாழும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் நாங்கள் சிலர் நடத்திவந்த வகுப்பு மூன்றாவது.

செயலாளர் என்றவுடன், ஆண்டுக்கொரு முறை மேடையேறி அறிக்கை வாசிப்பவரை எண்ணிவிடாதீர்கள். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் செயலாளர். சோற்றிலே கல் இருந்தால் செயலாளர். இரவு இரண்டு மணிக்கு ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால், முச்சக்கர வண்டி பிடித்து ஆசுபத்திரிக்கு உடன் செல்வதற்கும் செயலாளர். அறிவித்தல் யாவும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் ஒட்டப்படவேண்டும். ஒன்று காலையிலும் மற்றொன்று மாலையிலும் ஒட்டப்பட்டால், பிந்திய மொழியார் மனம் நோவர். அந்நோவு நியாயமானதே. இரு மொழியாரும் என்னை ‘அக்கா’ என்றே அழைத்தனர். இரு மொழிகளுக்கும் பொதுவாய் அமைந்த அந்த ஒரு சொல்லின் பலத்திலே எத்தனையோ சச்சரவுகளை ஆறச்செய்திருக்கின்றேன்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், முதலாண்டிலே விடுதிக்கு வரும் தமிழ் மாணவியரின் வீட்டு நினைவும் மனச் சோர்வும். எளிய பொருள் என்றே எண்ணினேன். வினாக்கொத்தைத் தமிழாக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவ்வெண்ணம் அகன்றது.

மனச் சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் அளவுகோல்களுள் ஒன்று, 1977ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் லெனோர் ராட்லொவ் என்பவர் வெளியிட்டது. அதில் இருபது கூற்றுகள் உண்டு. கடந்த ஒரு வாரத்தில் இவ்வாறு எத்தனை நாள் உணர்ந்தீர் என்று ஒவ்வொன்றுக்கும் விடையிறுக்க வேண்டும். அவற்றுள் ஒரு கூற்று துயரத்தை நீல நிறத்தின் பெயரால் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் அது அன்றாட வழக்கு. தமிழிலோ நீலம் கண்ணனுக்கு உரியது, கடலுக்கு உரியது. துயரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சொல்லை விட்டுப் பொருளை மட்டும் கொள்வோமெனில், எந்தச் சொல்லால் கொள்வது? ‘மனம் சரியில்லை’ என்பது ஒரு வழக்கு. ‘நெஞ்சு பாரமாக இருக்கின்றது’ என்பது மற்றொன்று. எங்கள் ஊரிலே துயருற்ற பெண் இவ்விரண்டையும் சொல்லாது, ‘ஒரே யோசனையாக் கிடக்குது’ என்பாள். யாழ்ப்பாணத்தார்க்கு ‘யோசனை’ என்பது கவலை. ‘யோசியாதையுங்கோ’ என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். அதே சொல்லைச் சபையிலே கூறினால், அது நல்ல கருத்து என்றாகிவிடும். ‘எனக்கு யோசனை அதிகம்’ என்ற கூற்றை முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்தபொழுது, ஹற்றன் பக்கத்து மாணவி ஒருத்தி மகிழ்ச்சியோடு, “ஆமாம் அக்கா, எனக்கு நெறையவே ஐடியா வரும்” என்றாள். அவளுடைய கணக்கிலே அது சுறுசுறுப்புக்கு அடையாளம். என் கணக்கிலே சோர்வுக்கு அடையாளம்.

மொழிபெயர்த்ததை, மூலத்தைக் காணாத வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கச் செய்து, இரண்டையும் ஒப்புநோக்குதல் இத்துறையில் வழக்கம். 1970ஆம் ஆண்டிலே ரிச்சட் பிறிஸ்லின் இம்முறையை விளக்கி எழுதினார். நல்ல முறைதான். ஆயினும் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும்பொழுது சரியாகவே தோன்றும் வாக்கியம், லயத்திலே பிறந்த பிள்ளைக்கும் வல்லிபுரத்திலே பிறந்த பிள்ளைக்கும் ஒரே பொருள் தருமா என்பதை அம்முறை காட்டாது. அதற்கு அப்பிள்ளைகளோடு அமர்ந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் என் சனிக்கிழமை வகுப்பு எனக்குக் கைகொடுத்தது. தோட்டத்துத் தாய்மார் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும்பொழுது பேசும் பேச்சிலிருந்து நான் கற்ற சொற்கள் நூலகத்தில் கிடைக்கவில்லை. மூன்று பிரதேசத்தாரும் ஐயமின்றி விளங்கிக்கொள்ளத்தக்க வடிவை எட்ட ஏழு வாரங்கள் சென்றன. அவ்வேழு வாரமும் வீண் என்று நண்பர் சிலர் கருதினர். என் ஆய்விலே மெய்யான பயன் ஏதும் உண்டெனில் அது அவ்வேழு வாரத்தில் விளைந்ததே என்பேன்.

வினாக்கொத்து ஆயத்தமானதும் மற்றொரு தடை எழுந்தது. “இதனை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?” என்று என் ஆய்வு நெறியாளர் கேட்டார். நானே கொடுக்கிறேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நீர் விடுதியின் செயலாளர். முதலாண்டுப் பிள்ளை உம்மிடம் மாட்டேன் என்று சொல்லுமா?” என்றார்.

நம் பல்கலைக்கழகங்களை அறிந்தோர்க்கு அக்கேள்வியின் கூர்மை விளங்கும். மூத்த மாணவரின் சொல்லை முதலாண்டு மாணவர் தட்டுவது எளிதன்று. பகிடிவதையைத் தடுப்பதற்கு 1998ஆம் ஆண்டிலே 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து அவ்வச்சம் முற்றாக அகலவில்லை. மருத்துவ ஆய்வுக்கு உட்படுவோர் தம் விருப்பத்தோடு உட்படவேண்டும் என 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் வலியுறுத்திற்று. உளவியலாரும் அந்நெறியையே மேற்கொண்டனர். விருப்பம் என்பது கையெழுத்தில் மட்டும் இல்லை; மறுப்பதற்கு இடமிருந்தாலன்றோ விருப்பத்துக்குப் பொருள் உண்டு?

ஆகவே, வேறு விடுதியைச் சேர்ந்த என் வகுப்புத் தோழி ஒருத்தி தாள்களை விநியோகித்தாள். தாளிலே பெயரில்லை, அறை இலக்கமில்லை, இலக்கத் தகடும் இல்லை. நிரப்பியவர் அதனை மடித்துப் பொது அறையிலிருந்த பிஸ்கட் தகரப் பெட்டியிலே இடலாம். வெறுந்தாளையே மடித்தும் இடலாம், எவரும் அறியார். தாளின் அடியிலே மாணவர் ஆலோசகரின் அறையும் நேரமும் அச்சிடப்பட்டிருந்தன. பெயர் வெளிவராது, எவராலும் கண்டறிய முடியாது என்று முகப்பிலே கொட்டை எழுத்தில் எழுதியவள் நான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்தில் என் நாள் எவ்வாறு கழிந்தது என்பதையும் சொல்லவேண்டும். விடிய ஐந்து மணிக்கு எழுவேன். கலஹா வீதியிலே பனி விலகுமுன் நூலகத்துக்கு நடப்பேன். நடக்கும்பொழுதே இருவர் மறிப்பர். ஒருத்திக்குப் புலமைப்பரிசில் பத்திரம், மற்றொருத்திக்கு அறை மாற்றம். ‘பிறகு பார்ப்போம்’ என்ற சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணியிருந்தால் அதுவே ஓர் ஆய்வாகியிருக்கும்.

உளவியல் மாணவர் யாவரும் படிக்கும் பரிசோதனை ஒன்றுண்டு. ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்னும் இருவர் அமெரிக்காவிலே பிறின்ஸ்டன் நகரத்து இறையியற் கல்லூரி மாணவரிடையே நடத்தி 1973ஆம் ஆண்டிலே வெளியிட்டது. நாற்பது மாணவர், எல்லோரும் சமயத் தொண்டுக்குப் பயில்பவர். அடுத்த கட்டிடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை நிகழ்த்தும்படி அவர்களை அனுப்பினர். ஒரு பகுதியார்க்குக் கொடுத்த பொருள், வழியிலே அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியிலே, ஒரு வாயிலருகில், ஒருவன் தலை கவிழ்ந்து இருமி முனகிக்கொண்டு இருக்குமாறு முன்னரே ஏற்பாடு செய்திருந்தனர். நேரம் இருக்கின்றது என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். நேரமாகிவிட்டது, ஓடும் என்று அனுப்பப்பட்டவருள் நின்றவர் நூற்றுக்கு 10 பேர் மாத்திரமே. சமாரியன் கதையைப் பேசப் போகின்றார் என்பதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டாகவில்லை. சிலர் அக்கதையை மனத்திலே ஒத்திகை பார்த்தபடியே அவனைக் கடந்து சென்றனர்.

நாற்பது பேரைக் கொண்ட சிறு பரிசோதனைதான். அதனை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும், மனச் சோர்வைப் பற்றிய கட்டுரையைக் கையிலேந்தி, என்னை மறித்த பிள்ளையிடம் ‘பிறகு பார்ப்போம்’ என்று சொல்லிக் கடக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்த வாயிலும் அந்த இருமலும் எனக்கு நினைவு வரும். அதன்பின் ஓர் ஏற்பாடு செய்தேன். நூலகத்துக்கு அரை மணி முன்னதாகப் புறப்பட்டேன். உள்ளத்தில் ஈரம் சுரந்து அவ்வாறு செய்யவில்லை. நேரமிருந்தால் மனிதர் நிற்பர் என்று ஆய்வு கூறிற்று, ஆகையால் நேரத்தை உண்டாக்கினேன். அவ்வளவே. அந்த அரை மணியைக் கண்டு என் தோழியர் நகைத்தனர்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகின்றேன்.

கட்டுரையின் முதல் வரைவைக் கையளிக்கப் பதினொரு நாள் இருந்தது. எங்கள் விடுதித் தாள்களைத் தோழி உறையிலிட்டுக் கொணர்ந்தாள். இரண்டு விடுதிகளின் தாள்கள் இன்னும் வரவேண்டியிருந்தன. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்கேட்டிலே பதிந்துகொண்டு வந்தேன். ஒரு தாளிலே இருபது கூற்றுகளுள் பெரும்பாலானவற்றுக்கு, வாரத்தில் ஐந்து முதல் ஏழு நாள் என்னும் கடைசிக் கட்டத்திலே புள்ளடி இடப்பட்டிருந்தது. மறுபுறம் வெறுமையாக இருக்கவேண்டும், இருக்கவில்லை. பென்சிலாலே இரண்டு வரி: “எனக்குப் போதும் எண்டு இருக்குது. இதை ஆரும் வாசிப்பினமோ தெரியாது.”

நான் வாசித்துவிட்டேன்.

‘போதும்’ என்பது பல பொருள் தரும் சொல். படிப்புப் போதும், வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் கொள்ளலாம். அதனினும் கொடிய பொருளும் கொள்ளலாம். எந்தப் பொருள் என்று கேட்பதற்குத் தாளிலே பெயரில்லை. ஆனால் மொழி ஆய்வு செய்த என் கண்ணுக்கு அவ்விரு வரியும் வெறுமையாகத் தோன்றவில்லை. ‘எண்டு’ என்பது வடக்கிலும் கிழக்கிலும் வழங்கும். ‘வாசிப்பினமோ’ என்ற முடிபோ வடபகுதிக்கு உரியது. மட்டக்களப்பார் அவ்வாறு முடியார். எங்கள் விடுதியிலே முதலாண்டில் வடபகுதியிலிருந்து வந்தோர் பன்னிருவர். செயலாளர் என்ற முறையிலே என் மேசை இழுப்பறையில், வீடு செல்லும் மாணவியர் தம் கைப்பட ஊரும் நாளும் எழுதிக் கையொப்பமிடும் பதிவேடு இருந்தது. தாளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்தால் ஐந்து நிமிடத்திலே எழுத்தை ஒப்பிட்டுவிடலாம்.

என்னோடு அறையிலிருந்தவள் மட்டக்களப்பைச் சேர்ந்தவள்; புவியியல் பயின்றாள். அவளிடம் தாளைக் காட்டவில்லை; செய்தியை மட்டும் சொன்னேன். “என்னகா யோசிக்கிறாய்? பதிவேட்டைத் திற. ஒரு சீவனைவிட உன்ர ஆய்வு பெரிசோ?” என்றாள். அவள் கேட்டதில் பிழை ஏதும் எனக்குத் தென்படவில்லை.

வகுப்பிலே படித்த வழக்கொன்று அவள் பக்கமே பேசிற்று. 1969ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் ஒருவன் சொல்லியிருந்தான், பல்கலைக்கழகக் காவலருக்கு அறிவிக்கப்பட்டது, அப்பெண்ணுக்கோ அவள் வீட்டாருக்கோ அறிவிக்கப்படவில்லை, அவள் கொல்லப்பட்டாள். டாரசொவ் வழக்கு என வழங்கும் அவ்வழக்கிலே, ஆபத்து நேரவுள்ள இடத்தில் இரகசியம் காக்கும் கடமை பின்நிற்க வேண்டும் என்று அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 1976ஆம் ஆண்டிலே தீர்த்தது. அங்கே உளவியலாளர் ஆளை அறிந்திருந்தார். நானோ அறியேன் என்று வாக்களித்தே அத்தாளைப் பெற்றேன். எவரும் அறியமாட்டார் என்று நம்பியதனாலேயே அவள் அவ்விரு வரியை எழுதினாள். அந்நம்பிக்கையை உடைத்து அவள் கதவைத் தட்டினால், அவளிடம் எஞ்சியிருந்த ஒரே வாயிலையும் அடைத்தவள் ஆகேனோ? எழுத்தொப்பம் பார்ப்பதிலே எனக்குப் பயிற்சியும் இல்லை. தவறான கதவைத் தட்டி, உரியவளை விட்டுவிடவும் கூடும்.

இருக்கையிலே இருக்க இயலவில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு நெறியாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின், “நீர் யாரைத் தேடுகிறீர்? எழுதியவளையா, துன்பப்படுபவரையா?” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. “எழுதியவள் ஒருத்தி. துன்பப்படுபவர் எத்தனை பேர் என்று உமக்குத் தெரியுமா? எல்லாக் கதவையும் தட்டும். இன்றிரவே தொடங்கும். நான் விடுதிப் பொறுப்பாளரோடும் ஆலோசகரோடும் பேசுகிறேன்” என்றார்.

பதிவேட்டைப் பொறுப்பாளரின் அறையிலே வைத்துப் பூட்டுவித்தேன். அது என் இழுப்பறையிலே இருந்தால் நள்ளிரவிலே திறவாமல் இருப்பேன் என்று எனக்கே உறுதியில்லை.

அன்றிரவு வடபகுதியார் இருந்த அறைகளிலேயே தொடங்கினோம். ஆனால் அவற்றோடு நிறுத்தவில்லை. நான்கு இரவுகள், முதலாண்டு மாணவியர் இருந்த ஒவ்வோர் அறைக்கும் சென்றோம். தமிழ் அறைக்கு நானும் என் அறைத்தோழியும்; சிங்கள அறைக்கு மன்றத் தலைவியும் மற்றொருத்தியும். கேத்திலில் தேநீரும், அம்மம்மா பொதி செய்து தந்த எள்ளுருண்டையும் கொண்டுபோனோம். அறிவுரை கூறவில்லை. ‘தைரியமாக இரு’ என்ற சொல்லைச் சொல்வதில்லை என்று முன்னரே பேசிவைத்திருந்தோம். அது பேச்சை முடித்துவைக்கும் சொல். முதலாண்டிலே எங்களுக்கு நித்திரை வராத கதையைச் சொன்னோம். அடுத்த நாள் காலையில் ஆலோசகர் விடுதிக்கே வருவார், வேண்டியவர் பின்பக்கப் படியால் ஏறிப்போகலாம், எவரும் காணார் என்று சொன்னோம். 1974ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே இயங்கிவரும் சுமித்ரயோ என்னும் அமைப்பைப் பற்றியும், பெயர் சொல்லாமலே அங்கு பேசலாம் என்பதையும் எழுதி, இரு மொழியிலும் ஒரே நேரத்தில் குளியலறைக் கதவுகளின் உட்புறத்தே ஒட்டினோம். உட்புறம் என்பது என் அறைத்தோழியின் யோசனை. இங்கே யோசனை என்பது தெற்கத்தியப் பொருளில். அறிவித்தற் பலகையின் முன் நின்று இத்தகைய இலக்கத்தை எவரும் குறித்துக்கொள்ளார் என்பது அவள் வாதம். இப்பொழுது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கமும் உண்டு. பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர் அதனையும் குறித்துக் கொடுத்தனுப்பலாம்.

பின்பக்கப் படியால் ஏறிப்போனவர் ஐவர். அவ்வெண்ணிக்கையை மாத்திரம் ஆலோசகர் பின்னர் எனக்குச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதியவள் அவ்வைவருள் இருந்தாளோ, அறியேன். பதிவேட்டைத் திறந்திருந்தால் நான் ஒருத்தியையே கண்டிருப்பேன்.

ஆய்வோ வேறு கதை. எங்கள் விடுதியில் நடந்தது மற்ற விடுதிகளிலும் பரவிவிட்டது. தேநீரும் அறிவித்தலும் அங்கும் சென்றன. செல்லாமல் தடுப்பது எவ்வாறு தகும்? ஆனால், சோர்வைப் பற்றி அத்தனை பேச்சு நடந்தபின் அங்கே நிரப்பப்படும் தாளும், அதற்குமுன் இங்கே நிரப்பப்பட்ட தாளும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கூடையிலிட்டுக் கணக்குப் பார்த்தால் அது பொய்க்கணக்கு. செயலாளர் செய்த காரியம் ஆராய்ச்சி மாணவியின் மாதிரியைக் குலைத்துவிட்டது. நெறியாளரும் நானும் அரை மணி பேசி, அவ்விரு விடுதிகளையும் விட்டுவிடத் தீர்மானித்தோம். கட்டுரையின் மூன்றாம் அதிகாரத்திலே, தாள் சேகரிப்பு இன்ன நாளில் இன்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது என்று ஒரு பந்தியில் எழுதினேன். பதினொரு நாளில் நான்கு போக ஏழு நாள் எஞ்சியது. அவ்வேழு நாளில் நித்திரை என்பதைப் பற்றி நான் படித்த எல்லாவற்றுக்கும் மாறாக நடந்துகொண்டேன்.

வாய்மொழிப் பரீட்சையில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அந்தப் பந்தியிலேயே விரலை வைத்தார். “மாதிரி சிறிது. முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது. தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “அப்படியானால் ஏன் நிறுத்தினீர்?” என்றார். காரணத்தைச் சொன்னேன், இரண்டு வரியை மட்டும் சொல்லவில்லை. அவர் வேறு கேள்விக்குப் போனார். எனக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கிடைத்தது. மாதிரி முழுமையாக இருந்தால் முதல் வகுப்புக் கிடைத்திருக்குமோ என்று உறவினர் சிலர் இன்றும் கணக்குப் பார்ப்பதுண்டு. கிடைத்திருக்கலாம். அத்துறையிலே பதவி பெறுவதற்கு அவ்வேறுபாடு சிறிதன்று என்பதையும் நான் மறைக்கவில்லை. இப்பொழுது பாடசாலையொன்றிலே ஆலோசனை ஆசிரியையாக இருக்கின்றேன். எங்கள் தமிழ் வினாக்கொத்தைப் பின்வந்த மாணவியர் இருவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ‘யோசனை’ என்ற சொல்லுக்கு அடியிலே நான் எழுதிய குறிப்பை அவர்கள் மேலும் விரித்திருக்கின்றனர். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அவ்வாண்டு இறுதியிலே எங்கள் விடுதியின் முதலாண்டு மாணவியர் எல்லோரும் பரீட்சை மண்டபத்துக்குச் சென்றனர். வாயிலிலே நின்று எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை. அவர்களுள் எவர் முகத்தையும் உற்றுப் பாராதிருக்க முயன்றேன். முற்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆய்வுத் தாள்களை ஐந்தாண்டு காலம் பூட்டி வைத்திருந்து பின் அழித்தல் வேண்டும் என்பது எங்களுக்கு விதித்த விதி. அவை நெறியாளரின் இரும்பு அலுமாரியிலே இருந்தன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எனக்கு எழுதினார். தவணை முடிந்துவிட்டது, வருகின்ற வெள்ளிக்கிழமை தாள்களை அரைத்து அழிக்கப் போகின்றேன், அதற்குமுன் ஒருமுறை பார்க்க விரும்பினால் வாரும் என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை நாளாக இருந்தது. கண்டிக்குப் பஸ்ஸும் இருந்தது. நான் போகவில்லை.